பிரெடெரிக் டக்ளஸ்

அமெரிக்க அடிமைகளின் துயரத்தைப் பிறர் எழுதிப் படித்திருக்கிறோம். அதை அனுபவித்தவரே எழுதி, எழுதியதாலேயே மீண்டும் பிடிபடும் ஆபத்துக்கு உள்ளானவர் பிரெடெரிக் டக்ளஸ். அவர் வாழ்வில் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது இதுதான்.

மேரிலாந்து மாகாணத்தில் 1818-இல் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள். 12 மைல் தொலைவில் வேறொரு பண்ணையில் பகலெல்லாம் உழைத்த அந்தத் தாய், இரவில் நடந்து வந்து மகனைத் தூங்கவைத்துவிட்டு விடியுமுன் திரும்பிவிடுவாள். அப்படி வந்ததும் நாலைந்து முறைதான்.

எட்டு வயதில் பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்டு என்பவன் வீட்டுக்கு ஊழியம் செய்ய அனுப்பப்பட்டான் சிறுவன். வீட்டு எசமானி அவனுக்கு எழுத்துக்களைச் சொல்லித்தரத் தொடங்கினாள். கணவன் தடுத்துவிட்டான், படித்தவன் அடிமையாய் இருக்கமாட்டான் என்ற அச்சம் அவனுக்கு. அந்த அச்சமே சிறுவனுக்கு முதற்பாடம் ஆயிற்று. தெருவிலிருந்த ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து வாசிக்கக் கற்றான். கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரங்களில் இடும் அடையாள எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். சுவரும் வேலிப் பலகையுமே சிலேட்டு. சேர்த்துவைத்த 50 சென்டுக்கு ஒரு சொற்பொழிவுத் தொகுப்பு வாங்கினான். நூலகச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேநீர்க் கடையில் பொழுது போக்கும் நமக்குக் கொஞ்சம் உறைக்கவேண்டிய செய்தி!

1838 செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமி உடையணிந்து, சுதந்திரமான கறுப்பு மாலுமி ஒருவரின் அடையாளத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். தாளில் இருந்த அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தவில்லை. சோதித்தவர் உற்றுப் பார்க்காததால் தப்பி, மறுநாள் நியூயார்க் சேர்ந்தார்.

1841-இல் நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்பு மாநாட்டில் பேசியதும், காரிசன் முதலிய தலைவர்கள் அவரைத் தங்கள் பேச்சாளராக்கினர். ஆனால் பட்ட துன்பத்தைச் சொன்னால் போதும், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அந்தக் கூட்டாளிகளின் எண்ணம். பேச்சில் தோட்டத்து வாடை கொஞ்சம் இருக்கட்டும் என்றுகூட யோசனை சொன்னார்களாம். உதவ வருகிறவர்களிடம் இருக்கும் இந்த மேட்டிமையை நான் எளிதில் மன்னிக்கமாட்டேன்.

கேட்டவர்களோ, இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாய் இருந்திருப்பானா என்று ஐயுற்றார்கள். அதற்கு விடையாக 1845-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். எசமானர் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அதில் இருந்தன. சட்டப்படி அவருக்கு உடைமைக்காரன் ஹியூவின் அண்ணன் தாமஸ் ஆல்டு. அவன் ஆள் அனுப்பிப் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார். அங்கிருந்த நண்பர்கள் 1846-இல் ஏறக்குறைய 150 பவுன் கொடுத்து அவரை மீட்டார்கள். மனிதனுக்கு விலை கொடுப்பது கொள்கைக்கு விரோதம் என்று சிலர் குறை கூறினர். சொன்னவர்களில் யாரும் சந்தையில் விலைபோகக் கூடியவர்கள் அல்லர்.

திரும்பி வந்து, காரிசன் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், 1847-இல் ராச்செஸ்டர் நகரில் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டிய வட நட்சத்திரமே அதன் பெயர். 1848-இல் செனெகா பால்சில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசினார். உள்நாட்டுப் போரில் இரு மகன்களைப் படைக்கு அனுப்பினார். கறுப்பு வீரர்களுக்குச் சம்பளம் குறைவு என்று 1863-இல் லிங்கனிடமே நேரில் முறையிட்டார்.

1877-இல், நோயுற்றுக் கிடந்த தாமஸ் ஆல்டைப் போய்ப் பார்த்தார். இருவரும் கண்கலங்கினர். தாம் பிறந்தது எப்போது என்று அவனிடம் கேட்டார். 1818 பிப்ரவரி என்றான் கிழவன். அதுவரை தம்மை ஒரு வயது மூத்தவராகவே எண்ணியிருந்தார் டக்ளஸ்.