கர்னல் பென்னி குயிக்: அணையும் கணக்கும்

கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கம் போனால் வீட்டிலும் கடையிலும் சாமி படத்தோடு சேர்த்து பென்னி குயிக் படமும் மாட்டியிருப்பாங்க. பிள்ளைகளுக்கே அவர் பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் பெயர்தான். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் எப்படிப்பட்ட அணை, ஏன் அப்படிக் கட்டினார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம்.

ஜான் பென்னி குயிக் 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. 1849-ல் சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்து போனார்கள். அப்போது ஜானுக்கு எட்டு வயசுகூட நிறையவில்லை. பிறகு இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் படித்து, 1860-ல் இன்ஜினியராகச் சென்னைக்கு வந்தார். நடுவில் அபிசீனியா போருக்கும் போய் வந்தார். கிரிக்கெட் என்றால் ரொம்பப் பிரியம்!

மேற்கே ஓடி வீணாகக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை அவருடையது இல்லை. ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே நினைத்துப் பார்த்திருக்கிறார். 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் மலையைப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1850-ல் ஆரம்பித்த வேலையும் பாதியிலேயே நின்றது. 1867-ல் ரைவ்ஸ் என்ற அதிகாரி 62 அடியில் மண் அணை கட்டலாம் என்றார். அதற்குள் 1876-77 தாது வருசப் பஞ்சம் வந்துவிட்டது. 1882-ல்தான் புதுத் திட்டம் போடும் பொறுப்பு பென்னி குயிக்கிடம் வந்தது.

அவர் மண் அணையை எடுக்கவில்லை. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த அணையை எடுத்தார். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல் பொடி. அணையின் நீளம் சுமார் 1200 அடி, அஸ்திவாரத்திலிருந்து உயரம் 176 அடி. உச்சியில் அகலம் வெறும் 12 அடிதான், அடியிலோ 138 அடி. பின்னாலிருந்து தண்ணி தள்ளும், அணை தன் கனத்தாலேயே தாங்கி நிற்கும். மிஞ்சுகிற தண்ணி போக ஒரு பக்கமாகத் தனி வழி.

மண் அணையில் என்ன ஆபத்து? தண்ணி தலைக்கு மேல் வழிந்தால் மண் கரைந்து அணையே போய்விடும். ஷட்டர் வைத்த மண் அணையென்றால் எல்லாம் அதைத் திறக்கிற ஆளை நம்பியே இருக்கும். அந்தக் காலத்தில் அந்தக் காட்டில் போன் ஏது, ரோடு ஏது? யானையும் மலேரியாவும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ளம் வருது, காவலாளி காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறார் என்று வையுங்கள். அணை உடைந்த பிறகு அந்த ஆள் தூங்கிட்டான் என்று சொல்வது ரொம்ப சுலபம். ஆனால் ஒரு மனுசன் கண் அசந்தாலே ஊர் அழியும் என்கிற மாதிரி கட்டியது யார் தப்பு? கல் அணையும் அழியாத ஒன்று இல்லை. ஆனால் தண்ணி மேலே ஏறினால் மண் மாதிரி உடனே கரையாது.

இதே பெரியாறு ஏரியில் 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டு அடுக்குப் படகு. மிருகம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடியதால் கவிழ்ந்தது என்றார்கள். மிருகம் பார்க்க வந்தவர்கள் மிருகத்தைக் கண்டால் எழுந்து போய்ப் பார்க்கத்தானே செய்வார்கள்? அதைத் தாங்குகிற மாதிரி படகு செய்திருக்க வேண்டாமா?

சரி, பென்னி குயிக் கதைக்கு வருவோம். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருசக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8000 ஏக்கர், ஏக்கருக்கு வருசம் 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. அவர் சொத்தை விற்றுக் கட்டி முடித்தார் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் உண்டா என்று வரலாறு எழுதுபவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் நோயில் மட்டும் 483 பேர் இறந்து, அணைக்கு வடக்கே புதைக்கப்பட்டது உண்மை. அவர்களுடைய படம் எந்தக் கடையிலும் இல்லை.

1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணி நம்ம பள்ளத்தாக்கில் இறங்கி வைகைக்குப் போனது.

அதே 1895-ல் ஏப்ரல் 27 அன்று பிரான்சில் பூசே என்ற கல் அணை உடைந்து எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அணைக்கு அடியிலும் விரிசலிலும் தண்ணி புகுந்து அணையை மேலே தூக்கும், கனம் குறைந்த மாதிரி ஆகிவிடும் என்பது அதற்குப் பிறகுதான் இன்ஜினியர்களுக்கு நன்றாக உறைத்தது. நம்ம அணையின் கணக்கிலும் அந்தத் தூக்குவிசை சேர்க்கப்படவில்லை. அந்தக் காலப் பாடப் புத்தகம் அவ்வளவுதான். பென்னி குயிக்கைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

அணை முடிந்ததும் அவர் ஊர் திரும்பி, கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1899-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளத்திடம் அத்தனை அடி வாங்கியவரை விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது! 1911 மார்ச் 9-ல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் காலமானார்.

1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரமே மூழ்கியது. வந்த வெள்ளம், அணைக்குப் போட்ட கணக்கைப்போல் மூன்று மடங்கு. சில ஷட்டர்களைத் திறக்கவும் முடியவில்லை. இரு பக்க மண் கரைகளும் கரைந்து போயின. அந்த வருசம் பெரியாறு அணையைப் பற்றியும் பயம் கிளம்பி, தண்ணி மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். பிறகு பலப்படுத்தும் வேலை நடந்தது. மேலே கான்கிரீட் தொப்பி, பின்னால் கான்கிரீட் முட்டு. அதோடு அணையின் உச்சியிலிருந்து துளை போட்டு, இரும்புக் கம்பி வடங்களை அடியில் உள்ள பாறை வரைக்கும் இறக்கி, அணையைப் பாறையோடு சேர்த்து இழுத்துக் கட்டினார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்றது.

லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2013-ல் திறந்தது. அவர் பிறந்தநாள் ஜனவரி 15 பொங்கலோடு சேர்ந்து வரும். அன்றைக்குப் பாலார்பட்டி போனால் அவருக்குப் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம்.