ஜெயிச்சும் பரிசு கிடைக்காத படகு... யார் இந்த ஹெர்ரஷாஃப்?

மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் பிறந்த அதே 1876-ல், நியூயார்க் பந்தயம் ஒன்றில் ஒரு படகு ரகளையைக் கிளப்பியது. வகை: கேட்டமரான். நம்ம கட்டுமரத்தில் இருந்து போன சொல்தான். வடிவம் மட்டும் வேறு.

கட்டியவர் நத்தானியேல் ஹெர்ரஷாஃப். 1848-ல் அமெரிக்காவின் பிரிஸ்டலில் பிறந்தவர். அன்றைய பந்தயப் படகு பலவற்றில், காற்றில் கவிழாமலிருக்க ஒரு கூட்டமே மணல் மூட்டைகளைப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கணும். இவர் ஒல்லியான இரண்டு உடல்பகுதிகளை இடைவெளி விட்டு இணைத்தார். அந்த அகலமே படகைத் தாங்கும். மூட்டையும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். இன்று ஒருவரே ஓட்டும் பந்தயக் கேட்டமரானுக்கும் இதே கணக்குதான்.

அவரது 'அமரில்லிஸ்' மற்ற படகுகளை முந்தியது. தோற்றவர்கள் புகார் கொடுக்க, பரிசு பறிபோனது. 1877-ல் காப்புரிமை வாங்கி இன்னும் சில கட்டினார். ஆனால் பந்தயத்தில் இடமில்லாத படகை யார் வாங்குவார்? பழைய ஒற்றை உடல் படகுகளுக்கே திரும்பினார். அதிலும் கில்லாடி: 1893 முதல் 1920 வரை அமெரிக்கா கோப்பையைக் காத்த படகுகள் எல்லாமே அவர் வடிவமைத்தவை.

1938-ல் இறந்தார். சரியாக 50 ஆண்டு கழித்து, அதே கோப்பையில் நியூசிலாந்தின் ராட்சதப் படகை ஒரு கேட்டமரான் தோற்கடித்தது. அப்பவும் தோற்றவர்கள் கோர்ட்டுக்குத்தான் போனார்கள்.