பதினேழு வயதில் கடலேறியவர்

1772ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து ‘ரெசொலூஷன்’ என்னும் கப்பல் புறப்பட்டது. கப்டன் ஜேம்ஸ் குக்கின் இரண்டாவது உலகப் பயணம் அது. இயற்கை ஆய்வாளராகச் சென்றவர் ரைன்ஹோல்ட் ஃபோர்ஸ்டர். அவருக்கு உதவியாளராகவும் ஓவியராகவும் சென்றவர் மூத்த மகன் ஜோர்ஜ் ஃபோர்ஸ்டர். அப்போது அவருக்கு வயது பதினேழு. உயர்தரம் கற்கும் எங்களின் வயதுதான்.

1754இல் டான்சிக் நகருக்கு அருகே பிறந்த ஜோர்ஜுக்குத் தந்தையே ஆசான். பத்து வயதிலேயே தந்தையோடு ரஷ்யாவின் வொல்கா நதிப் பகுதிக்குச் சென்று வந்தவர் அவர்.

கப்பல் மூன்று ஆண்டுகள் கடலில் அலைந்தது. அந்தாட்டிக் பனிக்கடல், நியூசிலாந்து, தஹிட்டி, ஈஸ்டர் தீவு என எங்கும் தாவரங்களையும் பறவைகளையும் ஜோர்ஜ் வரைந்தார். தீவு மக்களின் வாழ்வையும் கூர்ந்து கவனித்தார்.

1775இல் நாடு திரும்பியதும் தந்தைக்கும் கடற்படை அதிகாரிகளுக்கும் பிணக்கு ஏற்பட்டது. பயண வரலாற்றை எழுதத் தந்தைக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடை மகனைக் கட்டுப்படுத்தவில்லை. தந்தையின் நாட்குறிப்புகளைத் துணைக்கொண்டு ஜோர்ஜ் இரவுபகலாக எழுதினார். 1777 மார்ச்சில், குக்கின் நூலுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பே, அவரது நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

தன்னா தீவில் கப்பல் காவலன் ஒருவன் தீவுவாசி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அதை அநீதி என்றே ஜோர்ஜ் பதிவுசெய்தார். தம்முடன் பயணித்தவர்களின் தவறு என்பதற்காக மறைக்கவில்லை. கப்பலில் சென்ற வானியலாளர் வில்லியம் வேல்ஸ் நூலைக் கடுமையாகத் தாக்கினார். ஜோர்ஜ் பதில் எழுதினார். குக்கின் நூலில் அழகிய படங்கள் இருந்தமையால் வாசகர்கள் அதையே நாடினர். ஜோர்ஜின் நூலால் குடும்பத்தின் கடன் தீரவில்லை.

பின்னர் ஜேர்மனியில் பேராசிரியராகவும் நூலகராகவும் பணியாற்றினார். குக்கைப் பற்றியும், நாம் கறி சமைக்கும் ஈரப்பலாவைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். மனித இனங்கள் பற்றித் தத்துவஞானி கான்ட் எழுதியபோது, அம்மக்களை நேரில் கண்டவர் என்ற துணிவோடு மறுப்புரைத்தார். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்ததால் தாயகம் திரும்ப முடியாமல், 1794 ஜனவரியில் பரிஸ் நகரில் காலமானார். வயது 39 மட்டுமே.

அன்று விலைபோகாத அந்நூலின் முதற்பதிப்பு இன்று அரிய நூலாகப் பேணப்படுகிறது. பெரும் அறிஞர் அலெக்ஸாண்டர் ஹம்போல்ட் தமக்கு வழிகாட்டியவராக இவரையே போற்றினார். உண்மையை எழுதியவருக்கு அன்று இலாபம் கிடைக்கவில்லை. ஆனால் தன்னாவில் உயிரிழந்த அந்த மனிதரை, அவரது எழுத்தின் வழியே, இன்று நாமும் நினைத்துப் பார்க்கிறோம்.