விரைவும் செம்மையும்

ஒரு வினையை மேற்கொள்வோர்க்கு விரைவும் வேண்டும், செம்மையும் வேண்டும். விரைவு மிகுந்தால் செம்மை குன்றும். செம்மை ஒன்றையே நோக்கிக் காலத்தைக் கடத்தினால் வாய்ப்பு நழுவும். இவ்விரண்டையும் ஒத்த நிலையில் நிறுத்துவது எத்துணை அரிது என்பதை அமெரிக்க அறிஞர் சாமுவேல் லாங்லியின் வரலாறு நன்கு விளக்கும்.

லாங்லி 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். அவர் கல்லூரியிற் பயின்றவரல்லர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தபின் சில ஆண்டுகள் கட்டடப் பணியில் ஈடுபட்டார். பின்னர்த் தம்பி ஜானுடன் சேர்ந்து தொலைநோக்கி ஒன்றைத் தம் கைகளாலேயே செய்ய முற்பட்டார். தேய்த்த ஆடியில் சிறு பிழை காணினும் அதனை ஒதுக்கி, மீண்டும் தொடங்குவது அவர் வழக்கமாயிற்று. அப்பயிற்சி வீண்போகவில்லை. 1867ஆம் ஆண்டில் அவர் அல்லகெனி வானாய்வுக்கூடத்தின் தலைவரானார். கதிரவனின் வெப்பத்தை நுட்பமாக அளக்கும் கருவியை அமைத்துப் பெரும்புகழ் பெற்றார். 1887ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் பதவி அவரை வந்தடைந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, பறவைகள் பறக்கும் முறை பற்றிய ஓர் உரையை அறிஞர் பேரவையில் கேட்ட நாள்முதல், காற்றினும் கனத்த பொறி ஒன்று வானிற் பறத்தல் இயலுமா என்னும் வினா அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு மாதிரிகள் பலவற்றைச் செய்து பறக்கவிட்டார். அவை சில நொடிகளே பறந்தன. ஆதலின் நீராவிப் பொறி பொருத்திய பெரிய மாதிரிகளை அமைக்கத் துணிந்தார்.

ஈண்டுத்தான் இடர் தோன்றியது. சட்டத்தை உறுதியாக அமைத்தால் எடை மிகுந்தது. எடையைக் குறைத்தால் சிறகுகள் காற்றில் முறுகி வளைந்தன. முதலில் செய்த மாதிரிகள் பறக்காமலே கைவிடப்பட்டன. லாங்லி மனம் தளர்ந்தாரல்லர். மாதிரியைத் தலைகீழாக நிறுத்தி, சிறகுகளின்மேல் மணலைப் பரப்பி, அவை எவ்வளவு வளைகின்றன என்று கண்டார். குறை கண்ட உறுப்பை மாற்றி, மீண்டும் சோதித்தார். பொட்டோமக் ஆற்றில் மிதக்கும் படகுவீட்டின் கூரையிலிருந்து மாதிரியைச் செலுத்தப் பன்முறை சென்றும், காற்று ஒத்துவராமையால் வறிதே திரும்பினார்.

1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அவர்தம் பொறுமை பயன் தந்தது. அன்று முதலிற் செலுத்திய ஆறாம் எண் மாதிரி, சிறகொடிந்து நீரில் வீழ்ந்தது. அடுத்துச் செலுத்திய ஐந்தாம் எண் மாதிரியோ வளைந்து வளைந்து மேலேறி, ஏறத்தாழ 1,000 மீட்டர் பறந்து, நீராவி குறைந்ததும் ஊறின்றி நீரில் இறங்கியது. அன்றே மறுமுறையும் அது பறந்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல் அக்காட்சியைக் கண்டு நிழற்படமும் எடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் ஆறாம் எண் மாதிரி ஏறத்தாழ 1,500 மீட்டர் பறந்தது.

லாங்லி அத்துடன் நிறைவெய்தியிருக்கலாம். ஆயின், 1898ஆம் ஆண்டில் அரசின் போர்த்துறை, மனிதனைச் சுமக்கும் வானூர்தி அமைக்க 50,000 டாலர் வழங்கியது. துணைவர் சார்லஸ் மேன்லி 52 குதிரைத்திறனுள்ள சீரிய பொறியைச் செய்து முடித்தார். ஆயினும் ஊர்தியின் சட்டம், பெரும்பாலும் மாதிரியின் வடிவையே பெரிதாக்கியதாக இருந்தது. நீளம் நான்கு மடங்கானால் சிறகின் பரப்புப் பதினாறு மடங்காகும். பருமனோ அறுபத்துநான்கு மடங்காகும். ஆதலின் சிறியதற்குப் போதிய உறுதி பெரியதற்குப் போதாது. அதனைக் காற்றில் ஓட்டிப் பழகியவரும் எவரும் இலர்.

1903ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் மேன்லியுடன் செலுத்தப்பட்ட ஊர்தி ஆற்றில் வீழ்ந்தது. பழுது நீக்குவதற்குள் குளிர்காலம் வந்தது, பொருளும் தீர்ந்தது. இளவேனில்வரை காத்திருக்க வழியில்லை. டிசம்பர் 8ஆம் நாள், ஆற்றில் பனிக்கட்டி மிதக்க, காற்று சுழன்றடிக்க, மாலை மங்கும் வேளையில் ஊர்தி மீண்டும் செலுத்தப்பட்டது. அதன் பின்பகுதி முறிய, ஊர்தி நீரில் மூழ்கியது. மேன்லி அரிதின் உயிர் தப்பினார். நாளிதழ்கள் லாங்லியை எள்ளி நகையாடின.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள், ரைட் உடன்பிறந்தார் வானிற் பறந்தனர். அவர்கள் பட்டம், பொறியற்ற மிதவை ஊர்தி, காற்றுச் சுரங்கத்திற் சோதித்த சிறு சிறகுகள் எனப் படிப்படியாக முன்னேறியவர்கள். அவர்களுள் மூத்தவராகிய வில்பர், 1899ஆம் ஆண்டில் பறத்தல் பற்றிய நூல்களை வேண்டி எழுதியது லாங்லி தலைமை வகித்த நிறுவனத்திற்கே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

லாங்லி 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மறைந்தார். அவரை நகைத்தோர் மறக்கப்பட்டனர். அவர்தம் ஐந்தாம் எண் மாதிரியோ ஸ்மித்சோனியன் நிறுவனத்திற் பேணப்பெற்று வருகின்றது. காலம் தந்த இடத்துச் செம்மையை நாடிய லாங்லி வென்றார். காலம் நெருக்கிய இடத்துத் தோற்றார். அவர் வெற்றி, தோல்வி இரண்டும் நமக்குப் பாடமாகும்.