நாவுக்கரசரும் உழவாரப்படையும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், கழியும் அலையும் அடுத்துக் கிடப்பது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் பலர் கருதுவர். மாரிக்காலத்தில் ஒரே வெள்ளக்காடாய்த் தோன்றும் அதன் உப்பளங்களில், வெயில் ஏறிய பின்னரே எது நீர், எது உப்பு என்பது விளங்கும். நீர் வெம்மைக்கு அஞ்சி ஓடிவிடும். உப்பு அவ்விடத்தே நிற்கும். இக்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்று புதுச்சேரியைக் கடந்தால், 60 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், கெடிலம் கடலொடு கலக்கும் கடலூரை அடையலாம். அங்கே திருப்பாதிரிப்புலியூரை அடுத்துக் கரையேறவிட்டகுப்பம் என்றோர் ஊர் உண்டு. கல்லொடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட அடியார் ஒருவர் உயிருடன் கரையேறிய இடம் அதுவென்பது மரபு. அவரே அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர். வெம்மையில் நிலைத்த உப்பனைய அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறிஸ்தவக் கல்லூரியின் இதழில் சைவ அடியார் ஒருவரின் சரிதம் எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். நம் ஆண்டவர் தம் இனத்தாரிடம் காணாத விசுவாசத்தை அன்னிய இனத்து நூற்றுக்கு அதிபதி ஒருவனிடம் கண்டு வியந்து பாராட்டினார் அன்றோ? பாபிலோனிய அரசனின் அக்கினிச் சூளையில் இடப்பட்ட எபிரேய இளைஞர் மூவரின் கதையை இளமை தொட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு, நம் தமிழ் மண்ணிலேயே நீற்றறையில் இடப்பட்டவர் ஒருவர் உண்டென்பது அறியத்தகாத செய்தி அன்று.

பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில், வேளாளர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்த் தோன்றியவர் இவர். பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். இவர்க்கு மூத்தவர் திலகவதியார் என்னும் தமக்கையார். அவரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு மணம் பேசியிருந்த காலத்தில் தந்தையார் இறந்தார். தாயும் உடன் மாய்ந்தார். வடபுலப் போருக்குச் சென்ற கலிப்பகையாரும் களத்தில் வீழ்ந்தார் என்ற செய்தி அதன்பின் வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி தனித்து நிற்பதை எண்ணி உயிர் தாங்கினார். நாவுக்கரசரின் உறுதியை வியப்போர், அதற்கு வித்திட்ட இந்நங்கையின் உறுதியை மறத்தல் ஆகாது.

மருணீக்கியார் வளர்ந்து, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்து ஈகை புரிந்தார். இளமையிலேயே சாவைப் பலகால் கண்ட அவர் உள்ளம், நிலையாமையைக் கடந்த நெறி யாது எனத் தேடிற்று. அக்காலத்தில் அக்கரை நாட்டில் அறிவும் தவமும் செழித்திருந்தவை சமணப் பள்ளிகள். கடலூர்ப் பகுதியிலிருந்த பாடலிபுரம் பெயர்பெற்றதொரு சமணக் கல்விநிலையம்; லோகவிபாகம் என்னும் நூல் கி. பி. 458-இல் அங்கே இயற்றப்பெற்றது என்பர். அங்குச் சேர்ந்த மருணீக்கியார், தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை எய்தினார். ஆதலின் அவர் பிற்காலத்தில் எதிர்த்து நின்றது அறியாத கூட்டம் ஒன்றையன்று. தம்மைப் போற்றி வளர்த்த கூட்டத்தையே. அவர் பட்ட இடர்களுள் இதுவே கடியது எனல் தகும். பகைவன் முகத்தை நோக்கி மறுத்துரைத்தல் எளிது. நேற்றுவரை நண்பராயிருந்தார் முகத்தை நோக்கி மறுத்துரைத்தல் அரிது.

தருமசேனரைக் கொடிய சூலைநோய் பற்றியது. பள்ளியிலிருந்தோர் தாம் அறிந்த மந்திரமும் முறையும் செய்தும் அது தணியவில்லை. தமக்கையார் அப்போது திருவதிகை வீரட்டானத்தில், கோயிலை அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்துகொண்டிருந்தார். சமையல் செய்வான் ஒருவனைத் தம்பி அவர்பால் அனுப்ப, சமணப் பள்ளிக்குத் தாம் வருதல் இயலாது என அவர் மறுத்துவிட்டார். அன்பு மிக்கவர், ஆயினும் அன்பின் பொருட்டுத் தம் நெறியை நெகிழ்த்தாதவர். பின்னர்த் தம்பியே, எவரும் அறியாதபடி இரவிற் புறப்பட்டு, நோயொடு நடந்து தமக்கையின் அடியில் வீழ்ந்தார். திருநீறு பெற்றுக் கோயிலுட் புகுந்து பாடினார், நோய் நீங்கிற்று. நாவுக்கரசர் என்னும் பெயர் அன்று அமைந்தது என்பர்.

தலைவர் ஒருவர் நெறி மாறிய செய்தி சமணர்க்கு இழிவாய்த் தோன்றிற்று. அவர்கள் பல்லவ மன்னனிடம் முறையிட்டனர். அவனும் சமணம் சார்ந்தவன். அவன் அமைச்சர் வந்து அழைத்தபோது, தாம் இறைவன் ஒருவனுக்கே ஆட்பட்டவர் என்றும், மன்னன் ஆணை தம்மைக் கட்டாது என்றும் நாவுக்கரசர் அறிவித்தார். ஆயினும் அமைச்சர் இரந்து வேண்டியபோது உடன் சென்றார். அவர் படை திரட்டவில்லை, ஓடி ஒளியவுமில்லை.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சேக்கிழார் விரித்துரைப்பர். முதலில் அவரை நீற்றறையில் இட்டுப் பூட்டினர். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் அறையின் வெம்மையைக் கடற்கரை நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 7 நாட்கள் கழித்துத் திறந்தபோது அவர் ஊறின்றி இருந்தார். நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டினர். அதுவும் அவரைக் கொல்லவில்லை. மதயானையை ஏவினர், அது அவரை வலம்வந்து வணங்கிற்று. ஈற்றில் கல்லொடு கட்டிக் கடலில் வீழ்த்தினர். அவர் ஐந்தெழுத்தை ஓத, அக்கல்லே தெப்பமாய் மிதந்து அவரைக் கரை சேர்த்தது.

சேக்கிழார் வாழ்ந்தது 12-ஆம் நூற்றாண்டு. நாவுக்கரசர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு. இடைப்பட்ட ஏறக்குறைய 500 ஆண்டுகளில் பத்தி உள்ளம் கதையை வளர்த்திருத்தல் கூடும். ஆயினும் எல்லாம் கற்பனை எனத் தள்ளுதற்கில்லை. தம்மைச் சமணர் கல்லொடு பூட்டி நீரில் தள்ளியதை நாவுக்கரசர் தாமே திருநீலக்குடிப் பதிகத்தில் குறித்துள்ளார். மன்னன் பின்னர் மனந்திரும்பிச் சைவனானான் என்கிறது பெரியபுராணம். திருச்சிராப்பள்ளி மலைக்குகையிலுள்ள முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டும் அவன் மாற்று நெறியினின்று இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைக் குறிப்பால் உணர்த்துகிறது என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அற்புதங்களை ஒருவர் நம்பினும் நம்பாவிடினும், கொல்லத் துணிந்த அரசன் ஒருவன்முன் நெறி நெகிழாது நின்றார் ஒருவர் என்பது உறுதி.

ஈண்டு நடுநிலை நின்று சொல்லவேண்டியதொன்று உண்டு. மனந்திரும்பிய மன்னன் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கற்களைக்கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்கிறார் சேக்கிழார். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. நேற்று ஒருபால் வீசிய வாள் இன்று மறுபால் வீசிற்று, அவ்வளவே. நாவுக்கரசர் பாடல்களிலும் சமணரைச் சாடும் கடுஞ்சொற்கள் பல உள. ஆனால் உறுதி என்பது ஒரு சமயத்தார்க்கே உரிய உடைமை அன்று. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்ச் சமணரின் மடம் அப்பகுதியிலுள்ள மேல்சித்தாமூரில் இன்றும் விளங்குகிறது. அரசன் இடித்த கட்டடம் அழிந்தது. அவன் இடிக்கவியலாத நம்பிக்கை நிலைத்தது. நீற்றறை நாவுக்கரசரை மாற்றவில்லை. பள்ளியை இடித்ததும் சமணரை மாற்றவில்லை. கடவுட்பற்று வன்மையால் அழிவதுமன்று, வன்மையால் வளர்வதுமன்று என்பதற்கு இவ்வொரு வரலாறே இருபுறமும் சான்றாம்.

இனி, அச்சம் நீங்கிய பின்னர் அவர் வாழ்ந்த வாழ்வே எண்ணத்தக்கது. மன்னன் தம் நெறிக்கு வந்துவிட்டான். அவர் விரும்பியிருப்பின் அரண்மனையில் உயர்ந்த இருக்கை கிடைத்திருக்கும். அவர் கையிற்கொண்டதோ உழவாரப்படை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. உப்பளத்துத் தொழிலாளர் நீண்ட பிடியுள்ள மரப்பலகையால் நாள்தோறும் குனிந்து உப்பை வாருதல்போல, அவரும் ஊர்தோறும் நடந்து, குனிந்து புல் செதுக்கினார். செதுக்கிய இடந்தோறும் பாடினார். இன்று நமக்குக் கிடைப்பவை 300-க்கு மேற்பட்ட பதிகங்கள். அவை 4, 5, 6-ஆம் திருமுறைகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. சீகாழியில் சிறுபிள்ளையாகிய சம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்தார். முதியவரோ அப்பிள்ளையின் பல்லக்கைத் தோளில் தாங்கினார். அரசனுக்கு வணங்காத தலை ஓர் அடியாரின் சிவிகைக்கீழ் மகிழ்ந்து வணங்கிற்று. திங்களூரில் அப்பூதியடிகளின் இல்லத்தில் விருந்துண்டார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது பசித்தோர்க்கு உணவளித்தார்.

ஈற்றுச் சோதனை திருப்புகலூரில் வந்தது. முதுமையில் அவர் முற்றத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கையில், புல்லிடையே பொன்னும் மணியும் விளங்கின. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப எண்ணி, உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடியும் அவர் உள்ளம் அசையவில்லை. நெருப்பும் நஞ்சும் வென்றவரைப் பொன் வெல்லக்கூடும் என்பதைப் புராணம் பாடியவர் நன்கு அறிந்திருந்தார் போலும். ஆதலினன்றோ இதனை இறுதியில் வைத்தார்! 81 ஆண்டுகள் வாழ்ந்து, ஒரு சித்திரைச் சதய நாளில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

மாணவ நண்பர்காள்! நம்மை நீற்றறையில் இடுவார் இன்று எவருமிலர். நமக்கு வரும் நெருக்குதல் வேறு வகையது. உடன் பயில்வார் நகைப்பர் என்று செபத்தை மறைத்தல். பதவி கிடைக்கும் என்று மெய்யைச் சிறிது வளைத்தல். எல்லாரும் செய்வதாயிற்றே என்று தேர்வறையிற் கண்ணை அயலே ஓட்டுதல். இவையே நம் நாளைய யானையும் நஞ்சும். இவற்றின்முன் நிற்பதற்கு ஒருநாள் வீரம் போதாது. நாவுக்கரசர் நீற்றறையில் இருந்தது 7 நாள். உழவாரம் ஏந்தியது எஞ்சிய வாழ்நாள் முழுதும். அவ்வேழு நாளின் புகழை நாம் பாடுகிறோம். அவ்வாழ்நாளின் உழைப்பையே நாம் பின்பற்றல் கூடும். நாமும் நம் ஆண்டவர்க்கு அங்ஙனம் நாள்தோறும் உண்மையாய் நிற்போமாக.