ஜப்பானை எச்சரித்த தாகூர்

ஆசியாவில் முதன் முதலாக நோபல் பரிசு பெற்றவர் மகாகவி தாகூர்.

1916-ல் அவர் கப்பல் ஏறி ஜப்பான் சென்றார். மக்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள். ஜூன் 11-ந் தேதி டோக்கியோ பல்கலைக்கழகத்திலும், ஜூலை 2-ந் தேதி கெயோ பல்கலைக்கழகத்திலும் பேசினார்.

ஜப்பானியரின் கலை அழகைப் பாராட்டினார். ஆனால், மேல்நாட்டாரைப் பார்த்து ஆதிக்க ஆசை கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார். விருந்தாளியாகப் போன இடத்தில் இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும்!

தோற்றுப்போன நாட்டின் கவிஞர் என்று பலர் கேலி செய்தனர். தாகூர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1937-ல் சீனா மீது ஜப்பான் பெரும்போர் தொடுத்தது. மறு ஆண்டு, கெயோ பேராசிரியரான கவிஞர் நொகுச்சி அதை ஆதரித்துத் தாகூருக்குக் கடிதம் எழுதினார். நண்பர் என்றும் பாராமல், தாகூர் கண்டித்துப் பதில் எழுதினார்.

1941-ல் தாகூர் மறைந்தார். 1945-ல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டுக்கு இரையாயின.