எடை குறைத்த மெழுகுக் காகிதம்: பெங்களூரிலிருந்து தஞ்சை வரை கேமராவுடன் சென்ற கேப்டன் டிரைப்

பெங்களூரு: ஆஸ்டின் டவுன் தெருக்களில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கான வேர், பழைய ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்டில் இருக்கிறது. மதராஸ் படைப்பிரிவுகளோடும் அவற்றை நம்பிய தொழில்களோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அப்பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிலைத்தன. அரசு ஏடுகளில் எஃப். கிட்டல் நகர் என்று பெயர் மாறிய பின்னரும் மக்கள் வாயில் அது ஆஸ்டின் டவுனாகவே நீடிக்கிறது.

அந்தக் குடியிருப்பு தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன், இதே கண்டோன்மென்டில் பணியாற்றிய ஓர் ராணுவ அதிகாரி, தொலைதூரப் பயணத்துக்கு எந்தக் கேமராவை, எந்தப் பொருள்களை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் மிகப் பழைய புகைப்படங்களுள் பல அவர் எடுத்தவை.

1822 ஏப்ரல் 14 அன்று இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்த டிரைப், 1838இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து தென்னிந்தியாவுக்கு வந்தார். 1850இல் விடுப்பில் தாயகம் திரும்பியவர், உடல்நலக் குறைவால் 1854 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. புகைப்படக் கலை பிறந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத காலம் அது. அந்த ஓய்வில் அக்கலையைக் கற்றார். 1853இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1854 ஜூனில் கேப்டனாகப் பெங்களூருக்குத் திரும்பினார்.

அன்று வெளியூர் செல்லும் புகைப்படக்காரருக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே அதை உருத்துலக்க வேண்டும். படம் மிகத் துல்லியமாக வரும். ஆனால் போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடிப் பெட்டிகள் ஆகியவற்றைச் சுமக்க வேண்டும். இம்முறையில் 1863இல் இமயமலைக்குச் சென்ற சாமுவேல் போர்னுக்குச் சுமார் 30 சுமையாட்கள் தேவைப்பட்டனர்.

இரண்டாவது, பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே அதே 1851இல் வெளியிட்ட மெழுகுக் காகித முறை. மெல்லிய காகிதத்தில் முதலில் மெழுகை ஊட்டி, பின்னர் அயோடைடு கரைசலிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்து உலர்த்த வேண்டும். அந்தக் காகிதம் பல நாட்கள் கெடாமல் இருக்கும். படமெடுத்த பிறகும் உடனே உருத்துலக்க வேண்டியதில்லை; முகாமுக்குத் திரும்பி, நிதானமாகக் காலிக் அமிலத்தில் இட்டுத் துலக்கிக்கொள்ளலாம். டிரைப் தேர்ந்தது இந்த வழியையே.

கேமரா பெரிது, காகிதம் சிறு கட்டு

கேமராவைச் சிறிதாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இல்லை. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி அன்று நடைமுறையில் இல்லாததால், நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அவ்வளவே அச்சுப்படமும். கோபுரமும் கோட்டையும் விவரம் தெரிய வேண்டுமானால், ஏறத்தாழ 12க்கு 15 அங்குல நெகட்டிவ் பிடிக்கும் பெரிய மரக் கேமராவும் அதற்கேற்ற முக்காலியும் வேண்டும். எடையைக் குறைக்க எஞ்சிய இடம் நெகட்டிவ் ஒன்றுதான்.

அந்தக் குறைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதே அளவுள்ள 3 மில்லிமீட்டர் கனக் கண்ணாடித் தகடு ஒன்றின் எடை ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு. நூறு தகடுகள் என்றால் 85 கிலோவைத் தாண்டும். நூறு காகிதங்களோ ஒருவர் கையில் அடங்கும் கட்டு. வண்டி குலுங்கினாலும் உடையாது. எந்தப் பொருளையும் சிறியதாக வாங்காமல், வேலையின் வரிசையை மாற்றியே டிரைப் சுமையைக் குறைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. மெழுகுக் காகிதத்துக்குப் பல நிமிட ஒளி தேவை; அந்நேரத்தில் நடமாடும் எவரும் படத்தில் பதிய மாட்டார்கள். அவருடைய படங்களில் கோயில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இது முக்கியக் காரணம். காகித நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாகவோ வெறுமையாகவோ வரும் குறையும் இருந்தது. டிரைப் நெகட்டிவின் மீது வண்ணம் தீட்டி மேகங்களையும், சில இடங்களில் இலைதழைகளையும் சேர்த்தார். ஆவணமாகக் கருதப்படும் படத்தில் கைவேலை சேர்க்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. கட்டடங்களின் வடிவத்தை மாற்ற அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்பதே அதற்கான பதில்.

1854 டிசம்பரில் அவர் இந்தியாவில் தமது முதல் படங்களை எடுத்தார். ஹளேபீடு, பேலூர் கோயில்கள் அவற்றுள் அடங்கும். அடுத்த ஆண்டு நடந்த மதராஸ் கண்காட்சியில் அவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டன. அவை தந்த பெயரால், 1855இல் பர்மிய அரசவைக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவில் புகைப்படக்காரராக இடம்பெற்றார். மழையையும் உடல்நலக் குறைவையும் சமாளித்து 200க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களுடன் திரும்பினார். அவற்றுள் 120ஐத் தெரிந்து, 50 தொகுப்புகளாகப் பெங்களூரில் அச்சிட்டார். சூரிய ஒளியில் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்ட 6,000 அச்சுகள் அவை.

தமிழகப் பயணம்

1856இல் மதராஸ் மாகாண அரசு அவரைத் தனது அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. சிதைந்துவரும் பழம்பெரும் கட்டடங்களைப் பதிவு செய்வது பணியின் முக்கிய நோக்கம். 1857 டிசம்பரில், வடஇந்தியாவில் கிளர்ச்சி ஓயாத நாட்களில், மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்து, 1858இல் சென்னையை அடைந்தார். ஓசூருக்கு அப்பாலுள்ள ராயக்கோட்டையின் காட்சிகளும் அவர் வெளியிட்ட தொகுதிகளில் உள்ளன.

மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் கண்டது அதன் நலிந்த கோலத்தில். ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் அரண்மனை சீரமைக்கப்பட்டது அதன் பின்னர்தான். ஆகவே சீரமைப்புக்கு முந்தைய தோற்றத்தை அறிய இப்படங்கள் அரிய சான்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை தனித்து நிற்கிறது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைக் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தொடராகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தொலைவு மாறக்கூடாது. ஒளியும் பெரிதும் மாறக்கூடாது. ராஜராஜ சோழனின் அக்கல்வெட்டுகளை ஹுல்ஷ் பதிப்பிக்கத் தொடங்கியது 1891இல்தான். வாசிக்கப்படும் முன்பே வரிகள் காகிதத்தில் ஏறிவிட்டன.

இத்தனைக்குப் பிறகும் பணி நிலைக்கவில்லை. கிளர்ச்சிக்குப் பின் அரசின் நிதிநிலை மோசமாக இருந்தது. 1859இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், புகைப்படப் பணியைத் தேவையற்ற ஆடம்பரமாகக் கருதி நிறுத்த உத்தரவிட்டார். 1860க்குள் எல்லாம் முடிந்தது. சிக்கனத்தையே தொழில்முறையாகக் கொண்ட ஒருவரின் வேலை, சிக்கனத்தின் பெயராலேயே நிறுத்தப்பட்டது.

டிரைப் மீண்டும் முழுநேர ராணுவப் பணிக்குத் திரும்பினார். அதன் பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சில. 1870களில் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற அவர், 1902 மார்ச் 2 அன்று, பிறந்த ஊரான டெவன்போர்ட்டிலேயே காலமானார். அவருடைய படங்களுக்கெனத் தனிக் கண்காட்சி 2014-15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் நடைபெற்றது.